பேருருவமும் பேரேடும்

கடை வைப்பவன் முதலில் தேடுவது இடம். அடுத்துத் தேடுவது கண். வீதியில் போகிறவருடைய கண் நம் பக்கம் திரும்பினாலன்றிக் காலும் திரும்பாது. கால் திரும்பாவிட்டால் கல்லாவில் காசு விழாது. வர்த்தகர்களாகிய நமக்கு இது யாரும் போதித்துத் தெரிய வேண்டிய விஷயமன்று. ஆகவேதான் பெயர்ப்பலகை எழுதுகிறோம், விளக்குப் போடுகிறோம், பெருநாள் நெருங்கினால் வாசலைத் தோரணங்களால் அலங்கரிக்கிறோம். இவையெல்லாம் ஆகுமானவையே. ஆயின், விளம்பரம் இக்காலத்தில் பலகையளவில் நின்றுவிடவில்லை. பலகை உருவமாகி, உருவம் பேருருவமாகி, நகரச் சதுக்கங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் வீட்டளவு உயரத்தில் எழுந்து நிற்கிறது. யானையாகவும் மாடாகவும், அன்னாசிப் பழமாகவும் தேநீர்க் கெண்டியாகவும் காட்சி தருகிறது. இவற்றுள் பல கல்லாலானவையுமல்ல, வெண்கலத்தாலானவையுமல்ல. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து வார்த்த பைபர்கிளாஸ் உருவங்கள்.

இத்தகைய காட்சிகளுக்குப் பணம் கொடுப்போர் யார்? பல ஊர்களில் வர்த்தகர்களும் வர்த்தகர் சங்கங்களுமே. ஆகையால் இவற்றையொட்டி எழும் ஒரு கேள்வி நம் கடை வாசலுக்கே வந்து சேர்கிறது. பொதுமக்கள் பார்க்கட்டுமென்று பெரியதொன்றைச் செய்து நிறுத்துகிறவன் யாருக்கு என்ன கடன்படுகிறான்? அக்கடனை எதைக் கொண்டு தீர்க்க வேண்டும்? இதனைச் சற்றே ஆராய்வோம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது பற்றி நம் மார்க்கத்தில் வரம்புகள் உண்டு. அவற்றை எடுத்துரைப்பது ஆலிம்களின் பணி. அதில் நாம் புகவில்லை. ஊரை அழகு செய்ய உயிருள்ள உருவந்தான் வேண்டுமென்பதில்லை என்பதற்கு ஜித்தா மாநகரமே சான்று. கப்பற் காலத்திலும் சரி, விமானக் காலத்திலும் சரி, ஹாஜிகளுக்கு வாயிலாக விளங்கும் அத்துறைமுக நகரத்தில், மேயராயிருந்த முகம்மது சயீத் பார்ஸி என்பவர் 1970களிலும் 1980களிலும் கடற்கரைச் சாலைகளிலும் சாலைச் சந்திகளிலும் ஏராளமான சிற்பங்களை நிறுத்தினார். ஹென்றி மூர், மீரோ போன்ற உலகப் பிரசித்தி பெற்ற சிற்பிகளின் வேலைகளும் அவற்றுள் அடங்கும். பள்ளிவாசல் விளக்குகளின் வடிவம், மிகப் பெரிய மிதிவண்டி ஒன்று, பெயரிட முடியாத வளைவுகள் என்று அமைந்த அவை கண்ணைக் கவர்கின்றன. ஆனால் உருவம் ஆகுமானது என்று தெளிந்துவிட்டால் மட்டும் விவகாரம் முடிந்துவிடுவதில்லை. கெண்டியானாலும் விளக்கானாலும், அதன் பின்னேயுள்ள கணக்கு அப்படியே நிற்கிறது. நாம் பேச வருவது அக்கணக்கைத்தான்.

பெரிய உருவம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை முதலில் அறிந்து கொள்வோம். கண்ணாடியை நூலைப் போன்ற மெல்லிய இழையாக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. ஓவன்ஸ் கார்னிங் என்னும் கம்பெனி 1938இல் அமைந்தது இத்தொழிலுக்காகவே. யுத்தத்திற்குப் பின் படகுகளும், 1953 முதல் கார்வெட் என்னும் மோட்டார் வண்டியின் மேற்கூடும் இவ்விழையால் வந்தன. சிற்பத்திற்கும் முறை அதுவே. முதலில் களிமண்ணிலோ நுரைக் கட்டியிலோ உருவத்தைச் செதுக்குவர். அதன்மீது அச்சு எடுப்பர். அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவி, ஜெல்கோட் என்னும் வழவழப்பான பூச்சை முதலில் பூசுவர். அதன் பின்னரே கண்ணாடி இழைப் பாயைத் துண்டு துண்டாகப் பரப்பி, கடினமூட்டி கலந்த பிசினைத் தோய்த்து, காற்றுக் குமிழ் இல்லாதபடி உருளையால் தேய்த்து, அடுக்கின்மேல் அடுக்காக ஒட்டுவர். பிசின் இறுகியதும் அச்சிலிருந்து பெயர்த்தெடுத்து, பாதிகளை இணைத்து, உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து, மூட்டுகளைத் தேய்த்து, வர்ணம் தீட்டுவர்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. உலகம் பார்க்கப்போகும் பளபளப்பு முதலில் பூசப்படுகிறது. உருவத்தைத் தாங்கும் பலம் பிற்பாடு, யாரும் பார்க்காத உட்புறத்தில் சேர்க்கப்படுகிறது. அடுக்குகளில் ஒன்றிரண்டைக் குறைத்துவிட்டால் வெளியே நிற்பவர் கண்டுபிடிக்க முடியாது. காற்றும் காலமுமே கண்டுபிடிக்கும்.

உருவம் ஏன் உள்ளீடற்றதாக இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நீளத்தை இரு மடங்காக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. கன அளவோ எட்டு மடங்காகிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். 20 சென்டிமீட்டர் உயரமும் ஒரு கிலோ எடையுமுள்ள ஒரு மண் கெண்டியை, சுவரின் கனம் உட்பட எல்லாவற்றையும் 20 மடங்கு பெருக்கி, 4 மீட்டர் உயரத்திற்குச் செய்தால், மேற்பரப்பு 400 மடங்கு. எடையோ 8,000 மடங்கு. அதாவது எட்டு டன்! ஆகவே பெருக்க விரும்புகிறவன் சுவரின் கனத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மெல்லிய தோல், உள்ளே வெறும் காற்று, நடுவே இரும்பு. இதனால் எடை குறையும். ஆனால் காற்று மோதும் பரப்புக் குறையாது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பாய்ந்து வரும் சூறைக்காற்றை இவ்வூர்களில் வாழும் நாம் அறிவோம். கூரைத் தகட்டைப் பெயர்க்கும் அக்காற்றுக்கு, அடித்தளத்தில் சரியாகப் பிணைக்கப்படாத ஒரு பொய்க் கெண்டி எம்மாத்திரம்?

இனி, வர்த்தகர்கள் இதில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெனிஸ் என்னும் ஊரில் 1960களில் ஒரு பட்டறை இருந்தது. இன்டர்நேஷனல் பைபர்கிளாஸ் என்பது அதன் பெயர். கோடரி ஏந்திய மரம்வெட்டி ஒருவனின் பெரும் உருவம் அங்கு வார்க்கப்பட்டது. பிறகு அதே அச்சிலிருந்தே, கோடரிக்குப் பதில் மோட்டார் வண்டியின் புகைக்குழாயையோ வேறு சரக்கையோ கையில் கொடுத்து, கடைக்காரர்களுக்கு விற்றார்கள். கோடரி பிடிக்க வளைந்த கைகள் எதை வேண்டுமானாலும் பிடித்தன! நெடுஞ்சாலையில் விரைந்து செல்பவரை நிறுத்துவதற்கு அவ்வுருவங்கள் பயன்பட்டன. புதிய பெருஞ்சாலைகள் ஊர்களை ஒதுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியபின் பழைய சாலையோரக் கடைகள் பல மூடப்பட்டன. பட்டறையும் 1970களில் அவ்வேலையை நிறுத்தியது. கடைக்காரர் போனார், கடை போனது, உருவம் மட்டும் வெயிலில் வர்ணம் உரிந்து நின்றது. அண்மைக் காலத்தில் ஆர்வலர் சிலர் அவற்றைத் தேடி எடுத்துச் செப்பனிட்டு வருகின்றனர் என்பது வேறு விஷயம்.

சுவிட்சர்லாந்திலே ஜூரிச் நகரத்து வர்த்தகர் சங்கத்தார் 1986இல் வர்ணச் சிங்கங்களையும், 1998இல் நூற்றுக்கணக்கான பைபர்கிளாஸ் மாடுகளையும் வீதிகளில் நிறுத்தினர். மாடுகளை அங்கே கண்ட சிகாகோ நகரத்துக் காலணி வியாபாரி பீட்டர் ஹேனிக் என்பவர், தம் ஊரிலும் அவ்வாறு செய்யலாமென்று முன்வந்தார். 1999ஆம் ஆண்டின் கோடையில் 300க்கு மேற்பட்ட மாடுகள் சிகாகோ வீதிகளில் நின்றன. அச்சு ஒருசிலவே, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஓவியர் வெவ்வேறு விதமாகத் தீட்டினர். பொருளுதவியோரில் வர்த்தக ஸ்தாபனங்கள் பல. காட்சி முடிந்ததும் பல மாடுகள் ஏலம் விடப்பட்டு, 30 லட்சம் டாலருக்கு மேல் தரும காரியங்களுக்குச் சேர்ந்தது. அதன் பிறகு இம்முறை உலகெங்கும் பரவிற்று. 2007இல் ரோட்டர்டாமில் தொடங்கிய யானை அணிவகுப்பு 2011ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூருக்கும் வந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. புலித் தைல வியாபாரி ஆவ் பூன் ஹாவ், புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் ஊர்வலம் வந்தவர், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் 1937இல் சுதையுருவங்கள் நிறைந்த தோட்டத்தை அமைத்தார். சீனர்களின் புராணக் கதைகளையும் நீதிகளையும் கூறும் அவ்வுருவங்களைப் பொதுமக்கள் காண வழி செய்தார். அது விளம்பரமா, தருமமா? இரண்டுந்தான் என்பதே நேர்மையான பதில்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. விளம்பரமும் தருமமும் ஒரே உருவத்தில் ஒன்றாய்க் கலந்து நிற்கும்போது அதைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

சிலர், பெயர்ப் பலகை வைத்துக் கொடுக்கும் தருமம் தருமமே அல்லவென்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். அது மிகையென்பது நம் அபிப்பிராயம். சிகாகோ ஏலத்தில் சேர்ந்த பணம் வறியவருக்கும் நோயாளிக்கும் போய்ச் சேர்ந்தால், கொடுத்தவரின் பெயர் மாட்டின் காலடியில் பொறிக்கப்பட்டிருந்ததால் அப்பணத்தின் பயன் குறைந்துவிடாது. வேறு சிலரோ, முடிவில் தருமத்துக்குப் போகிறதல்லவா, ஆகையால் தொடக்கம் முதல் எல்லாம் தருமமே என்று மகிழ்ந்துவிடுவர். இது அதனினும் பெரிய தவறு.

நல்ல கணக்கப்பிள்ளை கடனையும் செலவையும் கொடையையும் ஒரே பத்தியில் எழுதமாட்டார். கடன் என்பது பிறருடையது. நம் கையில் இருப்பினும் நம்முடையதன்று. செலவு என்பது நம் ஆதாயத்திற்காக நாம் போடுவது. கொடை என்பது கடனும் செலவும் போக எஞ்சியதில் கைம்மாறு கருதாமல் தருவது. ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் விட்டுச் சென்ற பொருளில் அடக்கச் செலவு போக முதலில் தீர்க்க வேண்டியது கடன். அதன் பின்னரே வஸிய்யத்து. அதற்கும் பின்னரே வாரிசுகளின் பங்கு. இவ்வரிசையை நாமனைவரும் அறிவோம். செத்தவருக்கே கடன் முந்துமென்றால், உயிரோடிருந்து கடை நடத்துகிறவருக்கு அது முந்தாதா?

இனி, பேருருவத்தை நிறுத்துகிறவருடைய கடன்கள் யாவை என்று எண்ணிப் பார்ப்போம்.

முதற்கடன் அதைச் செய்த கைகளுக்கு. பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் என்னும் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்; தலை சுற்றும். புற்றுநோயை ஆராயும் சர்வதேச ஸ்தாபனம், 2018இல் அதனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்னும் வரிசையில் வைத்தது. மூட்டுகளைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் குத்தி அரிப்பெடுக்கும். மூச்சோடு உள்ளே போகும். இவற்றிலிருந்து தப்ப வழியுண்டு. ஆவியை வெளியேற்றும் விசிறி, தகுந்த முகமூடி, கையுறை, தூளை உறிஞ்சும் இயந்திரம் ஆகியவை வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு.

“கூலி பேசினோம், கொடுத்தோம், பட்டறையில் நடப்பது பட்டறைக்காரர் பாடு” என்று ஒருவர் சொல்லலாம். வேறு யார் சொன்னாலும் ஏற்கலாம், வியாபாரி சொல்லலாகாது. ஏனெனில், விலை எங்கிருந்து குறைகிறது என்பதை வியாபாரியைப் போல் அறிந்தவர் எவருமிலர். நான்கு பட்டறைகளில் விலை கேட்டு, ஒன்றில் மட்டும் பாதி விலை சொன்னால், அப்பாதி வானத்திலிருந்து விழவில்லை என்பது நமக்குத் தெரியும். அது அடுக்கில் குறைந்திருக்கலாம், இரும்பில் குறைந்திருக்கலாம், அல்லது ஓர் ஏழையின் முகமூடியில் குறைந்திருக்கலாம். சரக்கு மலிவாக வந்தால் “ஏன்?” என்று கேட்டுப் பழகிய வாய், இங்கே மட்டும் மூடிக்கொண்டால் அது அறியாமையாகாது. அறிந்தும் கேளாமையே ஆகும்.

இரண்டாம் கடன் வீதிக்கு. நாம் நிறுத்தும் உருவம் நம் கடைக்குள் இல்லை. எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நிற்கிறது. அஞ்சடியில் சரக்கை அடுக்கி வழியை மறிப்பது எப்படித் தவறோ, அப்படியே பொதுச் சதுக்கத்தில் நடப்பவர் வழியையும், சக்கர நாற்காலியில் செல்பவர் வழியையும், பக்கத்துக் கடையின் முகத்தையும் மறிப்பது தவறு. காற்றுக்கு அது சாய்ந்தால் விழுவது நம் தலையில் அன்று; பள்ளிக்கூடம் விட்டுப் போகும் ஒரு பிள்ளையின் தலையில். பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பிணைப்பைச் சோதிப்பது செலவைக் கூட்டுவதாகத் தோன்றலாம். உண்மையில் அது வீதிக்கு நாம் செலுத்தும் வாடகை.

மூன்றாம் கடன் பின்வருவோருக்கு. தெர்மாகோல், பிளாஸ்டிக் என்று பேசுவோர் பைபர்கிளாஸை மறந்துவிடுகின்றனர். இறுகிய பிசினை மெழுகைப் போல் மீண்டும் உருக்க முடியாது. மக்காது; எளிதில் மாறாது. பொடித்துச் சிமெண்டுச் சூளையில் எரிபொருளும் மூலப்பொருளுமாகப் பயன்படுத்தும் வழி சில நாடுகளில் உண்டு. மற்றபடி அது குப்பை மேட்டுக்கே போகிறது. காட்சி முடிந்து விளக்கு அணைந்தபின், தோரணம் கட்டியவர் தோரணத்தை அவிழ்ப்பது போல், இதை யார் இறக்குவது? எங்கே கொண்டு போவது? நாடே பெருமை கொண்ட உருவங்களுக்கும் இக்கேள்வி உண்டு. செந்தோசாத் தீவில் 37 மீட்டர் உயரத்தில் நின்ற மெர்லயன் 2019 அக்டோபரில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. 1972 முதல் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற 8.6 மீட்டர் மெர்லயனோ, பாலம் மறைத்தபோது 2002இல் இடம் மாற்றப்பட்டு இன்றும் நிற்கிறது. நிறுத்துவதும் செலவு, நகர்த்துவதும் செலவு, அகற்றுவதும் செலவு. அரசாங்கத்துக்குக் கருவூலம் உண்டு. கடை மூடிப் போகும் வியாபாரியின் உருவத்தை யார் செலவில் அகற்றுவது? ஊரார் செலவிலென்றால், நாம் கொடுத்ததாக நினைத்த அன்பளிப்பு ஊரார்மீது ஏற்றிய கடனாகிவிடுகிறது.

இம்மூன்றையும் தீர்த்தபின்தான் மற்றப் பத்திகள். நம் பெயர் தாங்கி நிற்கும் வரை அது விளம்பரச் செலவு, அப்படியே எழுதுவோம். வெட்கப்பட வேண்டியதில்லை, விளம்பரம் ஹலாலான செலவே. உருவத்தை ஏலம் விட்டு வந்த பணத்தை முழுமையாகத் தருமத்துக்குக் கொடுத்தால், அந்தத் தொகையைக் கொடையென்று எழுதுவோம். ஆனால் தூளை மூச்சிழுத்த தொழிலாளிக்குரிய முகமூடியின் விலையைக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரில் கொடையாக எழுதுவோமானால், அது கொடையன்று. ஒருவரிடம் பட்ட கடனை வேறொருவரிடம் செலுத்திவிட்டுத் தீர்ந்தது என்பதற்குச் சமம். கடன் கொடுத்தவர் ரசீது தராமல் கடன் தீருமா? நாளை மறுமையில் வந்து கேட்கப்போகிறவர் ஆஸ்பத்திரி நோயாளியல்லர், அந்தத் தொழிலாளிதான்.

“குழந்தைகள் மகிழ்கிறார்களே, அதற்கு மதிப்பில்லையா?” என்று கேட்பார் உளர். உண்டு, நிச்சயமாக உண்டு. வேலை முடிந்து அலுத்து வரும் மனிதர் ஒரு கணம் நின்று புன்முறுவல் பூப்பது சிறிய காரியமன்று. நோன்பு மாதத்தில் கேலாங் சிராயில் எழும் விளக்கு வளைவுகளின் கீழே நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து நிற்பதைக் காணும்போது நமக்கும் மனம் நிறைகிறதல்லவா? நாம் மகிழ்ச்சியைப் பழிக்க வரவில்லை. பெரியதைச் செய்வதையும் தடுக்க வரவில்லை. மகிழ்ச்சி, கொடையின் பத்தியில் எழுதத்தக்க உயர்ந்த பொருள். ஆனால் அதுவும் கடனை அடைக்கப் பயன்படாது. ஒருவரிடம் பறித்ததை மற்றொருவருக்குச் சிரிப்பாகக் கொடுத்தால், சிரித்தவர் அறியாமல் அவரையும் நம் கடனில் பங்காளியாக்கிவிடுகிறோம்.

ஆகவே, சங்கத்தின் பெயராலோ கடையின் பெயராலோ இத்தகைய காட்சிக்குப் பொருளுதவி கேட்டு எவரேனும் வரும்போது, நாம் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். பட்டறையில் ஆவி போக்கும் வசதியும் முகமூடியும் உண்டா? அவற்றின் விலை, சொன்ன தொகைக்குள் சேர்ந்திருக்கிறதா? பிணைப்பைச் சோதித்தவர் யார்? நடைவழி எவ்வளவு விடப்படும்? எந்த நாளில் இறக்கப்படும், எங்கே போகும், அதற்கான தொகை யாரிடம் இப்பொழுதே ஒப்படைக்கப்படும்? இத்தொகையை அமானிதமாக ஒருவரிடம் வைத்துவிட்டால், நாளை நம் கடை மூடினாலும் நம் கடன் மூடாமல் கிடக்காது. இவற்றால் உருவம் ஒரு மீட்டர் குறைந்து போகுமென்றால், குறையட்டும். நான்கு மீட்டருக்குப் பதில் மூன்று மீட்டர் கெண்டியைப் பார்த்து எந்தக் குழந்தையும் ஏமாந்து அழப்போவதில்லை.

வியாபாரத்தில் நாணயம் என்பது எடைக்கல்லில் மட்டும் இருப்பதன்று. வாங்குகிறவர் பார்க்க முடியாத இடத்தில் என்ன இருக்கிறதோ, அதுவே நாணயம். கிட்டங்கியின் அடிமூட்டையைப் பார்த்துச் சரக்கின் தரத்தை அறிகிறவர்கள் நாம். பேருருவத்தையும் அவ்வாறே அதன் உட்புறத்தைப் பார்த்து மதிப்பிடுவோமாக. கடனைக் கடனாகவும், செலவைச் செலவாகவும், கொடையைக் கொடையாகவும் எழுதி வைக்கும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் பேரேடுகளுக்கும் நம் உள்ளங்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.